14 மாதம், 4 பேர், ஒரே பெட்டி: 'ஜாஸ் ஆஃப் தி லயன்' ஆடிய அனுபவம்

ஞாயிறு மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை காலியானால், நாயகர்களாகக் கூட்டு சேர்ந்து அரக்கர்களோடு மோதும் 'க்ளூம்ஹேவன்: ஜாஸ் ஆஃப் தி லயன்' என்ற பலகை ஆட்டத்தின் பெட்டி இறங்கும். நான், என் தங்கை, கல்லூரித் தோழன், பக்கத்து வீட்டு அண்ணன் என நான்கு பேர். 14 மாதம் ஆடி, போன வாரம்தான் கதையை முடித்தோம். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு எழுதக்கூடிய ஆட்டம் இல்லை என்பதால் இத்தனை நாள் காத்திருந்தேன்.

ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்த மூல க்ளூம்ஹேவன் 2017இல் வந்தது. அதில் 95 சினாரியோக்கள் (ஒவ்வொன்றும் தனிக் களத்தில் ஆடும் ஒரு கதைப் பகுதி), பெட்டியும் பெரும் சுமை. 2020இல் வந்த இந்த 'ஜாஸ் ஆஃப் தி லயன்' அதன் தம்பி. 25 சினாரியோக்கள், ஒருவரிலிருந்து நான்கு பேர் வரை ஆடலாம். தம்பியின் பெரிய நன்மை, வரைபட அட்டைகளைத் தேடி அடுக்க வேண்டியதில்லை; சினாரியோ புத்தகத்தை விரித்தால் அந்தப் பக்கமே களம். முதல் ஐந்து சினாரியோக்கள் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தருகின்றன. விதிப் புத்தகத்தைப் பார்த்தாலே ஒதுங்கும் என் தங்கை அப்படித்தான் உள்ளே வந்தாள்.

இந்த ஆட்டத்தில் உங்கள் மூச்சு உங்கள் கையிலுள்ள சீட்டுகள்தான். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சீட்டு எடுத்து, ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் செய்ய வேண்டும். சீட்டு தீர்ந்ததும் ஓய்வெடுத்துத் திரும்பப் பெறலாம், ஆனால் ஒவ்வொரு ஓய்விலும் ஒரு சீட்டு அந்த சினாரியோ முடியும்வரை திரும்பாமல் போகும். போதாததற்கு, சில பலமான அடிகளைப் பயன்படுத்தினால் அந்தச் சீட்டும் அப்போதே போய்விடும். தங்கை எடுத்த டெமாலிஷனிஸ்ட் என்ற நாயகப் பாத்திரத்துக்கு 9 சீட்டு. எதையும் அப்படிச் செலவழிக்காமல் ஆடினால் அவளால் 20 சுற்று நிற்க முடியும். முதல் சுற்றிலேயே ஒரு பெரிய அடியை இறக்கினால் அது 16 ஆகிவிடும். ஒரு அடிக்கு நான்கு சுற்று விலை! இதை ஒருநாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், கடைசிக் கதவு திறக்கும் நேரத்தில் நாங்கள் ஏன் ஒவ்வொருவராகச் சரிந்தோம் என்று புரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பேச்சுக்கு உள்ள கட்டுப்பாடு. எந்தச் சீட்டு, யார் முந்துவது என்று காட்டும் அதன் எண் என்ன என்று சொல்லக் கூடாது. "நான் சீக்கிரம் போயிடுவேன்", "எனக்குக் கொஞ்சம் வழி விட்டு வைங்கண்ணே" என்ற அளவில்தான் பேசலாம். கூட்டாக ஆடும் பல ஆட்டங்களில் விவரம் தெரிந்த ஒருவர் மற்ற மூவரையும் ஆட்டிவைப்பார். எங்கள் குழுவில் அந்த ஆள் நான்தான், மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இங்கே அது நடக்கவில்லை. தங்கை என்ன செய்யப் போகிறாள் என்பது அவள் சீட்டைத் திருப்பும்வரை எனக்குத் தெரியாது; அவளை நம்பித்தான் என் சீட்டை வைக்க வேண்டும்.

கோடாலிகளை வீசும் ஹேட்செட்டைத் தோழன் ஆடினான். அவனுக்கு ஒரு செல்லக் கோடாலி உண்டு. வீசினால் பலத்த அடி, ஆனால் அது எதிரியிடம் போய்விடும், மீட்டால்தான் மறுபடி வீசலாம். அதை எடுக்க அவன் முன்னே பாய, அவனைக் காக்கக் கேடயத்தோடு ரெட் கார்ட் (Red Guard) என்ற காவல் பாத்திரமாக நான் பின்னே ஓட, எங்கள் திட்டங்கள் பாதி அந்தக் கோடாலியைச் சுற்றியே அமைந்தன.

பகடை கிடையாது. அடி எப்படி விழுகிறது என்று பார்க்க, கைச் சீட்டுகள் தவிர ஒவ்வொருவருக்கும் 20 சீட்டுள்ள தனிக் கட்டு ஒன்று. அடியை இரட்டிப்பாக்கும் சீட்டு ஒன்று, முழுதாக வீணாக்கும் சீட்டு ஒன்று, மற்றவை சிறு கூட்டல் கழித்தல்கள். நிலை உயர உயர இந்தக் கட்டையே நமக்கு ஏற்றபடி மாற்றலாம். தோற்றாலும் அதுவரை பெற்ற அனுபவப் புள்ளியும் பொன்னும் நம்மிடமே இருக்கும் என்பதால், ஒரே சினாரியோவில் மூன்று முறை தோற்றபோதும் யாரும் சோர்ந்துபோகவில்லை.

குறைகளும் உண்டு. மினியேச்சர் ஆசையில் வாங்குபவர்கள் கவனிக்க: பிளாஸ்டிக் பொம்மைகள் நாயகர்களுக்கு மட்டும், நான்கே நான்கு. அரக்கர்கள் காலில் செருகி நிற்கும் அட்டைப் படங்கள். அண்ணன் அந்த நான்குக்கும் பொறுமையாக வண்ணம் தீட்டிக் கொடுத்தார், அதற்குப் பிறகு களமே வேறு மாதிரி தெரிந்தது. அடுத்து, அரக்கர்கள் யாரைக் குறிவைப்பார்கள் என்ற விதி சிக்கலானது. நேர்கோட்டில் அருகில் இருப்பவரை என்று நினைத்து மூன்று மாதம் தவறாகவே ஆடினோம். உண்மையில், மிகக் குறைவான நகர்வில் யாரைத் தாக்கும் இடத்துக்கு வர முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைத் திருத்திய பிறகு ரெட் கார்டை வாசலில் நிறுத்துவதற்கே அர்த்தம் வந்தது. எடுத்து அடுக்க எங்களுக்கு அரை மணி, ஆட இரண்டரை மணி நேரம் ஆகும். சாப்பாட்டுக்குப் பின் சும்மா ஒரு கை போட இது உதவாது.

ஒருவர் வராத நாளில் மூவராக ஆடினோம். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப எத்தனை அரக்கர்கள் என்று புத்தகத்திலேயே இருப்பதால் சிரமமில்லை. ஆனால் வராதவருடைய பாத்திரம் பின்தங்கும், அதனால் முடிந்தவரை தள்ளிவைத்து நால்வராகவே ஆடுங்கள்.

வரும் ஞாயிறு முதல் பாத்திரங்களை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குகிறோம். இதுவரை அண்ணனிடம் இருந்த வாய்ட்வார்டன் எனக்கு வருகிறது. தானே அடிப்பதைவிட மற்றவர்களை அடிக்கவைக்கும் பாத்திரம் அது. ரெட் கார்டைத் தங்கை கேட்டு வாங்கிவிட்டாள்.