மவுண்ட் டேபர் பார்க், போர்ட்லேண்ட்: எரிமலைய குடைஞ்சு பாஸ்கெட்பால் கோர்ட்

நான் ஆந்திராவுல குப்பம்ங்கிற டவுன்ல கிரானைட் பாலீஷ் போடுறவன், அதனால இந்த ரிவ்யூல கல்லு பேச்சுதான் ஜாஸ்தியா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அண்ணன் அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல போர்ட்லேண்ட்ல இருக்காரு, போயிருந்தப்போ ஊருக்குள்ளயே எரிமலை இருக்குடா வான்னு கூட்டினு போனாரு. இறங்கிப் பாத்தா பெரிய பெரிய மரம், நாய புடிச்சினு நடக்குறவங்க, அவ்ளோதான். உசரமே கடல்மட்டத்துல இருந்து 636 அடி, நம்ம குப்பம் டவுனே அத மாதிரி மூணு மடங்குக்கு மேல உசரத்துல இருக்குது. வீடியோ கால்ல காட்டினா எங்கம்மா "இன்னாடா, ஏரிக்கரை மாதிரி கீது, புகை எங்கடா"ன்னாங்க.

ஆனா பாஸ்கெட்பால் கோர்ட்டு கிட்ட போனேன் பாருங்க, அங்கதான் மலைய பாதி வெட்டி உள்ள இருக்குறது அப்படியே தெரியுது. 1912ல பார்க் வேலை நடக்கும்போது தோண்டினப்பதான் இது எரிமலைன்னே தெரிஞ்சுதாம், அந்த கல்லயே எடுத்து பார்க் ரோட்டுக்கும் போட்டுட்டாங்க, குவாரி புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். கீழ கிடந்த ஒரு துண்ட எடுத்தா கனமே இல்ல, உடம்பெல்லாம் ஓட்டை, கொல்லப்பட்டறை சிட்டம் மாதிரி. நம்ம கிரானைட்டு பூமிக்குள்ளயே மெதுவா ஆறி இறுகினது, இது கேஸோட பொங்கி மேல தெறிச்சு, காத்துலயே ஆறி, வாய சுத்தி கொட்டி குவிஞ்சது. இதுக்கு பாலீஷ் போடணும்னா நான் தொழிலயே விட்டுடணும்.

இந்த மாதிரி 80க்கு மேல எரிமலை வாய் அந்த சுத்துவட்டாரத்துல இருக்காம், மொத்தத்துக்கும் பேரு போரிங் லாவா ஃபீல்ட். நம்ம தெருவுல தண்ணி அடிக்கிற போரிங் இல்ல, போரிங்னு அங்க ஒரு ஊரு.

சரிவுல திறந்த தண்ணித் தொட்டிங்க இருக்கு, 1894லயும் 1911லயும் கட்டினது, 2015 வரைக்கும் ஊருக்கு குடிதண்ணி இதுல இருந்துதான், இப்ப சும்மா அழகுக்கு நிரப்பி வச்சிருக்காங்க. அது ஓரமா உக்காந்தா எழுந்திரிக்க மனசு வரல.

டிக்கெட் கிடையாது. குறைன்னா, உச்சில மரம் மறைக்குது, மவுண்ட் ஹூட் பனிமலைய பாக்கணும்னா மேகம் இல்லாத நாளா போகணும், எங்களுக்கு அந்த குடுப்பினை இல்ல. 5க்கு 4 ஸ்டார்.

கல்ல எடுத்த இடத்துலயே வச்சுட்டு வந்துட்டேன், பார்க் கல்லுல கை வைக்காதடான்னு அண்ணன் சொல்லிட்டாரு. ஊருக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "குதிகால் தேய்க்க நல்லா இருந்திருக்குமே, ஒண்ணு கூடவா எடுத்தாரல?"