மிரர்லெஸ் கேமராவில் சூப்பர் டகுமார் 200 மிமீ: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வெளியில் படம் எடுக்கக் கிளம்பும்போது நான் அதிகம் எடுத்துப்போவது அசாஹி பென்டாக்ஸ் 1960களில் தயாரித்த சூப்பர் டகுமார் 200 மிமீ எஃப்/4 லென்ஸைத்தான். ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் உள்ள சோனி மிரர்லெஸ் கேமராவில், எம்42 என்ற பழைய திருகு வகை லென்ஸ்களுக்கான அடாப்டர் வழியாக மாட்டியிருக்கிறேன். பார்வைக் கோணம் முழு ஃபிரேமில் (35 மிமீ ஃபிலிம் அளவுள்ள சென்சாரில்) 300 மிமீ லென்ஸ் தருவதற்குச் சமம். சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: லென்ஸின் கண்ணாடி இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. படம் மங்கலாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை, ஹூடை (லென்ஸின் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பை), ஃபோகஸ் செய்யும் விதத்தை.

அடாப்டரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அதை வெறும் வளையம் என்று நினைத்துக் கையில் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மிமீ தள்ளி நிற்க வேண்டும். சோனி இ மவுன்ட்டில் அந்தத் தூரம் 18 மிமீ. மீதி 27.46 மிமீயை அடாப்டர் நிரப்புகிறது. அது 0.1 மிமீ கூடிவிட்டாலே 200 மிமீ லென்ஸ் ஏறக்குறைய 400 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. மலையும் நிலாவும் எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே வரும். இதற்குப் பயந்து பல அடாப்டர்களை வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது வளையம் முடிவிலிக் குறியை (மிகத் தொலைவுக்கான குறியை) எட்டும் முன்பே தொலைவில் உள்ளது ஃபோகஸ் ஆகிவிடும். ஆகவே தொலைவில் உள்ளதை எடுக்கும்போதும் வளையத்தைக் கடைசி வரை திருப்பிவிட்டு நம்பி இருக்கக் கூடாது, பெரிதாக்கிப் பார்த்தே நிறுத்த வேண்டும்.

அடாப்டரின் உட்புறமும் முக்கியம். இந்த லென்ஸ் 35 மிமீ ஃபிலிமுக்கான ஒளிவட்டத்தை வீசுகிறது. சிறிய சென்சாருக்கு அதன் நடுப்பகுதி போதும். மிச்ச ஒளி அடாப்டரின் உள்சுவரில் பட்டுத் தெறித்து, படம் முழுக்க ஒரு வெளிறிய திரை விழுந்த மாதிரி ஆக்கிவிடும். உள்ளே பளபளப்பாக இருந்தால் ஒளியை உறிஞ்சும் கறுப்பு வெல்வெட் தாளை ஒட்டிவிடுங்கள். என் படங்களில் கறுப்பு நிறம் உண்மையிலேயே கறுப்பாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். லென்ஸை மாற்றியிருந்தால்கூட இவ்வளவு வித்தியாசம் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

இதோடு சேர்ந்தது ஹூட். ஒளித் தெறிப்பைக் குறைக்கும் பல அடுக்குக் கோட்டிங் பென்டாக்ஸில் 1971இல்தான் வந்தது. சூப்பர் டகுமார் அதற்கு முந்தையது. சூரியன் பக்கவாட்டில் இருந்தாலே கான்ட்ராஸ்ட் இறங்கிவிடும். 58 மிமீ திருகு அளவில் ஆழமான உலோக ஹூட் ஒன்றை நிரந்தரமாக மாட்டி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் குழப்பம் வராமலிருக்க மூன்று விஷயங்கள். 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற அமைப்பை மெனுவில் இயக்கி வைக்காவிட்டால் கேமரா படமே எடுக்காது. கேமராவின் உள்ளேயே நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் அதில் 200 என்று கொடுங்கள், 300 அல்ல. அது கேட்பது லென்ஸின் உண்மையான குவியத் தொலைவை. லென்ஸில் உள்ள ஆட்டோ–மேனுவல் சுவிட்சை மேனுவலில் வையுங்கள், அப்போதுதான் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பும்போது அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) மூடும்.

சரி, ஃபோகஸ். அப்பர்ச்சர் முழுதும் திறந்த எஃப்/4இல் 10 மீட்டரில் இருக்கும் பறவைக்குக் கிடைக்கும் தெளிவான ஆழம் இந்தச் சென்சாரில் சுமார் 40 சென்டிமீட்டர். 5 மீட்டரில் அது 10 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஃபோகஸான விளிம்புகளைத் திரையில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியின் வண்ணக் கோடுகள் கான்ட்ராஸ்ட் உள்ள விளிம்பையெல்லாம் காட்டும். கண்ணில் விழுந்ததா, சிறகில் விழுந்ததா என்று சொல்லாது. நான் பீக்கிங்கை வைத்து ஏறக்குறைய நெருங்குவேன், அப்புறம் வியூஃபைண்டரில் பெரிதாக்கிக் கண்ணில் நிறுத்துவேன். வளையம் நிதானமாக, நீளமாகத் திரும்புவதால் மிகச் சிறிய திருத்தமும் கைக்கு வருகிறது. இந்த வளையத்தின் வழுவழுப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். புது லென்ஸ்களின் எலக்ட்ரானிக் வளையத்தில் அது இல்லை.

பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்க இது சரிப்படாது. மீன்கொத்தி மாதிரி ஒரே கிளைக்குத் திரும்பி வரும் பறவை என்றால் கதை வேறு. கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து எஃப்/5.6க்கு மூடிக் காத்திருக்கலாம். ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்குக்குக் கீழே போக விடமாட்டேன், அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினாலும் பரவாயில்லை. மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் தூரம் 2.5 மீட்டர் என்பதால் வண்ணத்துப்பூச்சிகள் ஃபிரேமில் சின்னதாகத்தான் வரும்.

எஃப்/4இல் விளிம்புகள் கொஞ்சம் மென்மை, கான்ட்ராஸ்டும் குறைவு, எஃப்/5.6இல் நன்றாக இறுகிவிடுகிறது, எஃப்/8 இன்னும் மேல். கறுத்த நீருக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறம் ஒட்டும். அப்பர்ச்சரை மூட மூட அது குறைகிறது, மிச்சத்தை ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) சரிசெய்துகொள்கிறேன். உச்சி வெயிலில் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று தூரக் காட்சியை நெளிய வைப்பதை மட்டும் எந்த லென்ஸாலும் தடுக்க முடியாது. காலையிலேயே போய்விடுவது நல்லது.

எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். லென்ஸில் டிரைபாட் வளையம் கிடையாது, அதனால் எப்போதும் லென்ஸைத் தாங்கியே பிடிக்கிறேன், கேமராவை மட்டும் பிடித்துத் தொங்கவிடுவதில்லை. டிரைபாட் அதிகம் பயன்படுத்துபவர்கள் கீழே பாதம் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்கலாம்.

வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் வேண்டாம். நாலைந்து தூசிகளால் படத்தில் ஒன்றும் தெரியாது. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா, ஃபோகஸ் வளையம் முழுச் சுற்றும் ஒரே சீராக நகர்கிறதா என்பதையும் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.