ஏபிஐ ஜெனரல் க்யூர்: கொளத்தூரில் வாங்கும் முன் மீனின் கழிவைப் பாருங்கள்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் "அண்ணா, மீன் நல்லா சாப்பிடுது, ஆனா வயிறு ஒட்டிக்கிட்டே போகுது" என்று சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது மூன்றில் ஒன்று: பெயர் ஒட்டாத மஞ்சள் பவுடர், நீல மருந்து பாட்டில், இல்லையென்றால் ஏபிஐ ஜெனரல் க்யூர் என்ற இறக்குமதியான ஒட்டுண்ணி மருந்துப் பவுடர். நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. அது முட்டைக்கும் உடம்பின் மேற்புறத்துக்கும் உதவும், குடலுக்குள் இருப்பதைத் தொடாது. பெயரில்லாத மஞ்சள் பவுடரில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, அதை வாங்கவே வேண்டாம். மூன்றாவது நல்ல மருந்துதான். ஆனால் எல்லாப் புழுவுக்கும் அல்ல.

ஒரு பாக்கெட்டில் 250 மில்லிகிராம் மெட்ரோனிடசோலும் 75 மில்லிகிராம் பிராசிகுவான்டெலும் இருக்கின்றன. பாக்கெட் 10 அமெரிக்க கேலனுக்கு, அதாவது சுமார் 38 லிட்டருக்கு. மெட்ரோனிடசோல் ஹெக்சமிட்டா, ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளைக் கொல்லும். பிராசிகுவான்டெல் நாடாப்புழுவையும் செவுளில் ஒட்டும் ஃப்ளூக் என்ற தட்டைப்புழுவையும் பார்த்துக்கொள்ளும். உருண்டைப் புழுக்கள், அதாவது கமல்லானஸ், கேப்பிலேரியா இரண்டும், இந்த இரண்டு மருந்துக்கும் அடங்காது. கப்பி மீன் வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வாலடியில் சிவப்பு நூல் தொங்கும் கப்பிக்கு இந்தப் பவுடரை எத்தனை பாக்கெட் போட்டாலும் பயனில்லை.

அதனால் பணம் கொடுக்கும் முன் மீனைப் பாருங்கள். ஆசனவாயில் தலைமுடி தடிமனில் சிவப்பாக மூன்று நான்கு நுனிகள் நீட்டிக்கொண்டு, மீன் அசையாமல் நிற்கும்போது வெளியே வந்து நீந்தும்போது உள்ளே போனால் அது கமல்லானஸ். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெளிவாகத் தெரியும். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கார், டிஸ்கஸ் மீன்கள் தீனியை வாயில் வாங்கித் துப்பினால், உடம்பு கறுத்து மூலையில் ஒதுங்கினால், கழிவு வெள்ளையாக, ஜவ்வு மாதிரி நீண்டு இழுபட்டால் ஹெக்சமிட்டா வகையைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான். இரண்டு நாள் தீனி போடாத மீனும் வெள்ளைச் சளியைத்தான் விடும். நன்றாகத் தின்றும் தொடர்ந்து வெள்ளையாகவே வந்தால்தான் அது அடையாளம். முதுகு வளைந்து, பல வாரமாக ஒவ்வொன்றாக இளைத்துச் சாகும் கப்பிகளுக்கு மீன் காசநோயும் காரணமாக இருக்கலாம். அதற்குப் புழு மருந்து கொடுத்து மீனை மேலும் வதைக்க வேண்டாம்.

மைக்ரோஸ்கோப் கைக்கு எட்டினால் சந்தேகத்தோடு நிற்க வேண்டியதில்லை. விட்ட உடனே கழிவை உறிஞ்சி, ஒரு சொட்டு தொட்டித் தண்ணீரோடு கண்ணாடியில் வைத்து 100, பிறகு 400 மடங்கில் பாருங்கள். வேகமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சிறு உயிர்கள் ஹெக்சமிட்டா வகை. இரு முனையிலும் மூடி போட்ட பீப்பாய் வடிவ முட்டைகள் கேப்பிலேரியா. கழிவு ஆறிக் காய்ந்துவிட்டால் ஓடுபவை நின்றுவிடும், எதுவும் தெரியாது.

பவுடரின் அளவில்தான் பெரிய தவறு நடக்கிறது. 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டி கணக்குப்படி 56 லிட்டர். ஜல்லியும் மேலே விட்ட இடைவெளியும் போனால் உண்மையில் சுமார் 45 லிட்டர்தான் இருக்கும். சிறிய தொட்டிக்குப் பாக்கெட்டைக் கண்ணால் பாதியாகப் பிரிக்காதீர்கள். ஒரு பாக்கெட்டை 380 மில்லி தண்ணீரில் கலந்தால், தொட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் 10 மில்லி. பிராசிகுவான்டெல் சீக்கிரம் கரையாது, அடியில் படியும். ஒவ்வொரு முறை அளக்கும் முன்பும் நன்றாகக் குலுக்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்காமல் கொட்டிவிட்டு, அடுத்த தடவைக்குப் புதுப் பாக்கெட்டைப் பிரியுங்கள்.

போடும் முன் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிட வேண்டும், யூவி விளக்கையும் அணைக்க வேண்டும். 48 மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை, இன்னும் 48 மணி நேரம் கழித்து 25 சதவீதம் தண்ணீர் மாற்றம். மாற்றும் மெட்ரோ வாட்டருக்கு ஆன்டி குளோரின் மறக்கக் கூடாது. மே மாத வெயிலில் தொட்டி 31, 32 டிகிரியைத் தொடும்போது ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கரன்ட் போனால் ஓடும் பேட்டரி பம்ப் ஒன்றும் கைவசம் வேண்டும்.

இந்தப் பொருளின் உண்மையான குறை வேறு. நன்னீர் மீன் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. தண்ணீரில் கலந்த மருந்து குடலுக்குக் கொஞ்சமாகவே போய்ச் சேரும். மீன் இன்னும் தின்கிறது என்றால் தீனியில் கொடுப்பதே சிறந்தது. ஹெக்சமிட்டா வகைக்கு மெட்ரோனிடசோல் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 கிராம் தீனிக்குப் போதும். நைசாகப் பொடித்து, வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசல் 5 மில்லியில் கலந்து, தீனிமேல் புரட்டி, நிழலில் உலர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐந்து நாள் இதை மட்டுமே கொடுக்க வேண்டும். கசப்பால் துப்பினால் பூண்டுச் சாறு இரண்டு சொட்டு சேருங்கள். மாத்திரைக்குக் கால்நடை மருத்துவரின் சீட்டு தேவை. வேறு மருந்து கலந்த மாத்திரையும் சிரப்பும் வேண்டாம். தின்பதை நிறுத்திவிட்ட மீனுக்கு மட்டும் பவுடர் குளியல். அந்த இடத்தில் ஜெனரல் க்யூரை விடச் சுலபமான பொருள் கடையில் இல்லை.

சிவப்புப் புழுவுக்கு லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு. லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், விளக்கு அணைந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெளிச்சத்தில் மருந்து சிதையும். இது புழுவை முடக்கும், அவ்வளவுதான். மீன் வெளியே தள்ளிய புழுவும் குஞ்சுப் புழுவும் ஜல்லியில் கிடக்கும். மறுநாள் அடியைச் சைஃபன் போட்டு உறிஞ்சிப் பெரிய அளவில் தண்ணீர் மாற்றாவிட்டால் மீன்கள் அவற்றையே தின்னும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. மாட்டு மருந்துக் கடையில் லெவமிசோல் கேட்டால் ஆக்ஸிக்ளோசனைடு என்ற இன்னொரு புழு மருந்து கலந்ததைக் கொடுப்பார்கள். அதையும் ஐவர்மெக்டினையும் தொட்டியில் விடவே கூடாது.

ஜெனரல் க்யூர் பெட்டியில் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில்லறையாகப் பொட்டலம் கட்டித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உயிர்த் தீனியிலும் கவனம் வேண்டும். குளத்து மொய்னா என்ற நீர்த்தெள்ளோடு சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய ஓட்டுயிரும் வரும், அதற்குள் கமல்லானஸ் குஞ்சு வரும். சாக்கடையோரம் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் ஆபத்துதான். புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் விடுங்கள். மருந்து கொடுத்தும் அடங்காவிட்டால் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் விசாரித்து, நோயுற்ற மீனை உயிரோடு ஆக்சிஜன் பையில் கொண்டுபோங்கள். செத்து சில மணி நேரமான மீனின் குடலில் ஹெக்சமிட்டாவைத் தேட முடியாது.