மட்ஷூட்டா, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸா, சர்ரே டாக்ஸா? லண்டனில் ஆடு பார்க்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளுக்கு ஆடு மாடு காட்ட லண்டனை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1972இல் கென்டிஷ் டவுனில் முதல் நகரப் பண்ணை தொடங்கியது. அப்புறம் மற்றப் பகுதிக்காரர்களும் சும்மா கிடந்த நிலங்களில் ஆளுக்கொன்று தொடங்கினார்கள். ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் எளிதில் போகக்கூடிய மூன்றை மட்டும் இங்கே பார்க்கலாம். மூன்றிலும் நுழைவு இலவசம். நன்கொடை போட்டால் சந்தோஷப்படுவார்கள்.

பரப்பளவில் மட்ஷூட்டோடு மற்ற இரண்டும் போட்டியே போட முடியாது. ஐல் ஆஃப் டாக்ஸில் 32 ஏக்கர். மில்வால் துறைமுகத்தில் தூர்வாரிக் கொட்டிய சேற்றில் உருவான மேடு இது. 1974இல் இங்கே அடுக்குமாடி கட்டத் திட்டம் வந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்து நின்றார்கள். 1977இல் சங்கம் அமைத்துப் பண்ணையாக்கினார்கள். இன்று செம்மறிகள் மேயும் புல்வெளிக்குப் பின்னால் கேனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. இந்தக் காட்சி வேறெங்கும் கிடைக்காது. லாமா, அல்பாகா, கழுதை, பன்றி என்று பட்டியல் நீளம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றும் இருக்கிறது. எட்டு வயதுப் பையன்கள் லாமாவை மறந்துவிட்டு அதைச் சுற்றியே நிற்பார்கள். டி.எல்.ஆர் எனும் டாக்லேண்ட்ஸ் இலகு ரயிலில் மட்ஷூட்டிலோ கிராஸ்ஹார்பரிலோ இறங்கினால் போதும். குறை என்னவென்றால் நடை அதிகம். மழை பெய்த மறுநாள் குழந்தையின் தள்ளுவண்டியோடு போனால் சக்கரத்தைக் கழுவவே அரை மணி நேரம் ஆகும்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் இதற்கு நேரெதிர். பிரிக் லேனுக்குப் பக்கத்தில், ரயில்வே சரக்குக் கிடங்கு இருந்த இடத்தில் 1978இல் தொடங்கியது. மொத்தமே ஒன்றே கால் ஏக்கர் சொச்சம்தான். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு இதுதான் சரி: நாலு எட்டு வைத்தால் ஆடு, இன்னும் நாலு எட்டில் கழுதை. குழந்தைக்குக் கால் வலிக்குமுன் எல்லாம் முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி நடக்கும் நாளில், அந்தப் பெயர்களையே இரண்டு ஆடுகளுக்குச் சூட்டி ஓடவிடும் பந்தயத்தை 2009இல் ஆரம்பித்தார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருந்தாலும் எனக்கு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்தான் முதல் தேர்வு. காரணம் ஆடு இல்லை. "ஆட்டைப் பார்க்கவா ரயிலேறி வந்தோம்?" என்று கேட்கிறவர்கள்கூட, கோடையில் அங்கே வங்காளப் பெண்கள் வளர்க்கும் சுரைக்காயையும் கொத்தமல்லியையும் பார்த்தால் நின்றுவிடுவார்கள். இந்தக் குளிரில் பந்தல் போட்டுச் சுரைக்காய் எடுப்பது சின்ன விஷயமா?

சர்ரே டாக்ஸ் ராதர்ஹைத்தில் தேம்ஸ் கரையிலேயே இருக்கிறது. 1975இல் வேறிடத்தில் தொடங்கி, 1986இல் இங்கே வந்தார்கள். ஆற்றங்கரை நடைபாதையில் வருகிறவர்கள் அப்படியே உள்ளே நுழையலாம். கனடா வாட்டரில் இறங்கி நடக்க வேண்டியிருப்பதுதான் கொஞ்சம் அலுப்பு. இது உண்மையான பண்ணை. இங்கே வளரும் விலங்குகளின் இறைச்சி விற்பனைக்கும் வரும். "இந்தப் பன்றிக்குட்டி பெரிசானதும் என்ன ஆகும்?" என்று கேட்கும் வயதுப் பிள்ளை உங்களிடம் இருந்தால் பதிலை முன்கூட்டியே யோசித்துவிட்டுப் போங்கள். எனக்கு அந்த ஒளிவுமறைவின்மை பிடித்திருக்கிறது. சைவ வீட்டாருக்குப் பிடிக்காமல் போகலாம்.

எங்கே போனாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஜெல் தடவினால் போதாது. 2009இல் லண்டனுக்கு வெளியே சர்ரே மாவட்டத்திலிருக்கும் பண்ணை ஒன்றுக்கு (சர்ரே டாக்ஸ் அல்ல) போனவர்களில் 93 பேருக்கு ஈகோலை O157 என்ற குடல் நோய்க் கிருமி தொற்றியது, பெரும்பாலும் சிறு பிள்ளைகள். சிற்றுண்டி எல்லாம் கை கழுவிய பிறகுதான்.

திங்கட்கிழமை ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பூட்டியிருக்கும். பறவைக் காய்ச்சல் கட்டுப்பாடு வரும் குளிர்காலங்களில் எல்லாப் பண்ணைகளிலும் கோழி, வாத்துகளை உள்ளே அடைத்துவிடுவார்கள். வாத்துக்காகவே அடம்பிடிக்கும் குழந்தை என்றால் கிளம்புமுன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.