தார்ன்டன் மடத்து வாசல்: அரை நாள் ஒதுக்கிப் போங்கள்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் வடக்கு ஓரத்தில் தார்ன்டன் அபி என்று ஒரு குட்டி ரயில் நிலையம் இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், வயல்வெளிக்கு நடுவில் மூன்று அடுக்குச் செங்கல் வாசல் ஒன்று எதிரே வந்து நிற்கும். 1139இல் அகஸ்டினியத் துறவிகளுக்காகத் தொடங்கிய மடம் இது, 1539இல் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்டது. உள்ளே தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது புல்தரைதான். எண்கோண மண்டபத்தின் இரண்டு மூன்று சுவர்கள் நிற்கின்றன, அவ்வளவே. ஆனால் வாசல் முழுசாக இருக்கிறது, நான் போனதே அதற்காகத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது செங்கல். 1360களில் கட்டத் தொடங்கியபோது இங்கிலாந்தில் இவ்வளவு பெரிய அளவில் செங்கல்லைப் பயன்படுத்தியவர்கள் ரொம்பக் குறைவு. சுவரெல்லாம் செங்கல், கண்ணில் படவேண்டிய விளிம்புகளும் சிலை மாடங்களும் மட்டும் வெளிர் சுண்ணாம்புக்கல், அந்தச் சிவப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள பொருத்தத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மாடங்களில் சில சிலைகள் இன்னும் இருக்கின்றன.

வெளிப்பக்கம் பார்த்தால் கோட்டை மாதிரிதான்: அம்புத் துளைகள், மேலிருந்து இறக்கும் கதவுக்குக் கல்லில் வெட்டிய காடி. 1381 விவசாயிகள் கிளர்ச்சிக்கு மறு வருஷமே, 1382இல், அரணமைக்க அரசரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். சரி, பயந்துபோய்க் கட்டினார்கள் என்று முடிவு கட்டுவதற்குள் உள்பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள். அங்கே சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு ஓர் அழகான ஜன்னல், அதன் பின்னால் மாடியில் பெரிய கூடம். உள்ளே வசதியாக உட்காரவும் வெளியே வருபவனை அசத்தவும் கட்டிய வாசல் என்றுதான் எனக்குப் படுகிறது.

சுழல் படிக்கட்டு குறுகலானது, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். ஏற முடிந்தால் அந்தக் கூடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்த வளாகத்திலேயே 48 பேரை ஒன்றாகப் புதைத்த குழி கிடைத்ததாக 2016இல் அறிவித்தார்கள், பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் வந்த கொள்ளை நோயில் செத்தவர்கள், அதில் 27 பேர் குழந்தைகள். அந்தச் சாவுக்குப் பிறகு இருபது வருஷம் முடிவதற்குள் இந்த வாசல் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு ஒவ்வொரு செங்கல்லும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

முகப்பு மேற்குப் பார்த்தது, அதனால் மதியத்துக்கு மேல் போனால் வெயில் நேராக விழும். அப்புறம், திரும்பி வரும் ரயில் நேரத்தை மாடி ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.