நீதிமொழிகளைத் தினமும் வாசிக்க எந்தத் தமிழ் வேதாகமம்?

கோபம், கடன், நாக்கு, சோம்பல் என்று அன்றாடம் தடுக்கி விழும் இடங்களுக்கு வேதத்தில் ஞானம் தேடுகிறவர்கள் முதலில் திறப்பது நீதிமொழிகளைத்தான். 31 அதிகாரம், 915 வசனம். கையில் எந்த மொழிபெயர்ப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தப் புத்தகம் மிகவும் மாறிவிடுகிறது. பவர் ஐயர் தலைமையிலான குழு முடித்து 1871-ல் வெளிவந்த பழைய திருப்புதல் (திருப்புதல் என்றால் மொழிபெயர்ப்பு), கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் சேர்ந்து 1995-ல் கொண்டுவந்த திருவிவிலியம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு இது: மனதில் பதிக்கப் பழையது, பொருள் விளங்கப் புதியது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பழையதையே வாங்கலாம்.

காரணம் ஓசை. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்" (15:1). 'கடுஞ்சொற்களோ' என்பதன் கடைசியில் நிற்கும் அந்த ஓகாரம்தான் கதவின் கீல். 10 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களில் பெரும்பாலான வசனங்கள் இப்படித்தான் நடுவில் மடிகின்றன. முதல் பாதியைச் சொன்னால் இரண்டாம் பாதி தானாக வாயில் வரும். வீட்டில் வாக்குவாதம் முற்றும் நேரத்தில் யாரும் புத்தகத்தைத் தேடப் போவதில்லை. ஏற்கெனவே நாக்கில் இருக்கும் வசனம்தான் அப்போது கைகொடுக்கும்.

பழைய திருப்புதலின் பலவீனம் சொற்கள். 1:7-ல் 'போதகம்', 3:11-ல் 'சிட்சை', 12:1-ல் 'புத்திமதிகள்' என்று வருகிற மூன்றும் எபிரெயத்தில் 'மூஸார்' என்ற ஒரே சொல். கண்டித்து, திருத்தி, பழக்கி வளர்ப்பது என்று பொருள். தமிழில் மூன்றாகப் பிரிந்ததால், முதல் அதிகாரத்தில் மூடர் அசட்டைபண்ணுகிற அதே காரியத்தைத்தான் மூன்றாம் அதிகாரத்தில் அற்பமாக எண்ணாதே என்கிறார்கள் என்ற தொடர்பு வாசகருக்குத் தெரியாமல் போகிறது. 'சிட்சை' என்றதும் தண்டனை என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் ஏராளம். ரோமர் 12:2-ல் வரும் 'பிரபஞ்சம்' இன்னொரு பள்ளம். அங்கே சொல்லப்படுவது இந்தக் காலத்து உலகப்போக்கு. கோள்களும் நட்சத்திரங்களும் அல்ல. இந்த மாதிரி இடங்களில் திருவிவிலியத்தையும் திறந்து பார்த்துவிட்டு, விளங்கிய பொருளைப் பழைய திருப்புதலின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது. தாள் மெல்லியது, ஜெல் பேனா மை மறுபக்கம் தெரியும்.

தேதிக்கு ஒரு அதிகாரம் என்ற வழக்கம் சபைகளில் பரவலாக உண்டு. முதல் ஒன்பது அதிகாரங்களுக்கு அது அருமையாகப் பொருந்தும். அவை நீண்ட புத்திமதிகள், ஒரே மூச்சில் வாசிக்கலாம். பத்தாம் தேதியிலிருந்துதான் சிக்கல். பெரும்பாலும் ஒவ்வொரு வசனமும் தனிக் கூற்று. முப்பது வசனத்தை ஐந்து நிமிடத்தில் கடந்தால் ஒன்றும் தங்காது. அதற்கு ஒரு வழி, மாதத்துக்கு ஒரே பொருளை எடுப்பது. நாக்கு என்று வைத்துக்கொண்டால் 10:19, 15:1, 17:27-28, 18:13, 25:11, 29:20 இவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அன்றைக்கு யாரிடம் எப்படிப் பேசினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்வது புத்தியீனம் என்கிற 18:13 ஒன்றே ஒரு வாரத்துக்குப் போதும்.

கடன் என்ற பொருளுக்கு 6:1-5, 11:15, 17:18, 22:26-27. அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கையும் வாசிக்காமல் இருக்கவே கூடாது. 22:26-ல் "கையடித்து உடன்பட்டு" என்று பழைய திருப்புதல் சொல்லும்போது அந்தக் கை கண்முன் தெரிகிறது. அடுத்த வசனத்தில், செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையே போய்விடும் என்கிறது.

நீதிமொழியை வாக்குத்தத்தமாக, அதாவது கடவுள் தரும் உறுதிமொழியாக, எடுத்துக்கொள்வதுதான் அதிகம் பேரைக் காயப்படுத்தும் பிழை. வாக்குத்தத்த அட்டையில் 22:6 வருகிறது: பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் விடமாட்டான். பிள்ளை வழி தவறினால், பெற்றோர் தங்கள் வளர்ப்பையே குற்றம் சொல்லிக்கொண்டு உடைந்து போகிறார்கள். அது வாழ்க்கை பொதுவாக எப்படி நடக்கிறது என்று சொல்லும் ஞானம். உத்தரவாதப் பத்திரம் அல்ல. மூடனுக்கு மறுஉத்தரவு (பதில்) கொடாதே என்று 26:4-ம், கொடு என்று 26:5-ம் அடுத்தடுத்து நிற்பதே இதற்குச் சாட்சி. எந்த இடத்தில் எதைச் செய்வது என்று பகுத்தறிவதைத்தான் இந்தப் புத்தகம் பழக்குகிறது. வேதத்தின் மற்ற ஞானப் புத்தகங்களான யோபுவையும் பிரசங்கியையும் கூடவே வாசித்தால் இந்தச் சமநிலை கிடைக்கும்.

செயலியில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய திருப்புதல் சொற்களைச் சேர்த்தே எழுதும். 'கோபம்' என்று தட்டினால் 'கோபத்தை', 'கோபங்கொண்டாலும்' போன்றவை பல செயலிகளில் சிக்காது. 'கோப' என்று மட்டும் தட்டுங்கள். பிறகு 'உக்கிரம்', 'எரிச்சல்' என்றும் தேடுங்கள். சூரியன் அஸ்தமிக்குமுன் தணியவேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்வது 'எரிச்சல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

அச்சுப் புத்தகம் வாங்கப் போனால் கடையிலேயே நீதிமொழிகளைத் திறந்து மேசையில் வைத்துக் கையை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய நடுப்பகுதியில் வருவதால் அங்கே புத்தகம் தட்டையாக விரிந்து கிடக்க வேண்டும். அங்கேயே மூடிக்கொண்டால் கட்டு இறுக்கம். ஓரத்தில் எழுதவும் வராது, வேறு பிரதி கேளுங்கள்.