எம்எஸ்டிடிசி: கமிட்டில் கெட்டி, நெட்வொர்க்கில் படுத்தல்

இரண்டு டேட்டாபேஸில் சேர்ந்தாற்போல் எழுத வேண்டும், ஒன்று ஏறி இன்னொன்று ஏறாமல் போனால் கணக்கு இடிக்கும். விண்டோஸில் இதற்கென்று மைக்ரோசாஃப்ட் வைத்திருப்பது எம்எஸ்டிடிசி (மைக்ரோசாஃப்ட் டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்ஷன் கோஆர்டினேட்டர், சுருக்கமாக டிடிசி). 1996-இல் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் 6.5 பதிப்புடன் வந்தது. இன்றும் விண்டோஸுடனே வருகிறது, தனியாகக் காசு கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டூ ஃபேஸ் கமிட்டில் இதைக் குறை சொல்ல முடியாது. இதில் சேர்ந்திருக்கும் எல்லாரையும் முதலில் தயாரா என்று கேட்டு, அத்தனை பேரும் சரி என்றால்தான் கமிட் (எழுதியதை உறுதியாக்குவது). முடிவை லாகில் (பதிவேட்டில்) எழுதிவிடுவதால் நடுவில் மெஷின் விழுந்தாலும் எழுந்து வந்து மிச்சத்தை முடிக்கும். எஸ்கியூஎல் சர்வர், எம்எஸ்எம்க்யூ (மைக்ரோசாஃப்டின் மெசேஜ் க்யூ), எக்ஸ்ஏ (டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்ஷனுக்கான பொது நெறிமுறை) பேசும் ஆரக்கிள் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் கட்டலாம், ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது. டாட்நெட் கோடில் டிரான்சாக்ஷன்ஸ்கோப் என்ற பிளாக் ஒன்றைப் போட்டால் போதும்.

வம்பும் அங்கேதான். ஸ்கோப்புக்குள் ஒரே ஒரு எஸ்கியூஎல் சர்வர் கனெக்ஷன் இருக்கும் வரை டிடிசி எட்டிக்கூடப் பார்க்காது. அதை மூடாமல் இரண்டாவதைத் திறந்தீர்களோ, இரண்டும் ஒரே டேட்டாபேஸுக்கே போனாலும், பழைய டாட்நெட்டில் சத்தமில்லாமல் டிஸ்ட்ரிபியூட்டட் ஆகி டிடிசி கைக்குப் போய்விடும். டெவலப்பர் லேப்டாப்பில் எல்லாமே ஒரே மெஷின் என்பதால் ஒன்றும் தெரியாது. புரொடக்ஷனில் ஆப் சர்வர் ஒரு பக்கம், டேட்டாபேஸ் ஒரு பக்கம், நடுவில் ஃபயர்வால். 135 போர்ட்டைத் திறந்தால் மட்டும் போதாது, மெஷின்கள் பேசிக்கொள்ள டிடிசி பயன்படுத்தும் ஆர்பிசி 49152 முதல் 65535 வரை எதையாவது பிடித்துக்கொள்ளும், அதுவும் இரண்டு திசையிலும் வேண்டும். இதை நெட்வொர்க் டீமிடம் கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். (ரெஜிஸ்ட்ரியில் போர்ட் வரம்பைச் சுருக்க வழி இருக்கிறது, அதைச் செய்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.)

எரர் மெசேஜ் இன்னொரு தலைவலி. எதிர்ப் பக்க டிரான்சாக்ஷன் மேனேஜர் நெட்வொர்க் டிரான்சாக்ஷனை அணைத்து வைத்திருக்கிறது என்று சொல்லும். போய்ப் பார்த்தால் டிடிசி செட்டிங்ஸின் செக்யூரிட்டி டேபில் இன்பவுண்ட், அவுட்பவுண்ட் எல்லாம் டிக் ஆகியிருக்கும். ஃபயர்வால் அடைத்தாலும் இதே மெசேஜ் வரலாம், ஒரு சர்வருக்கு மற்றதன் பெயர் தெரியாவிட்டாலும் வரலாம். ஒரு இடத்தில் அத்தனையும் சரியாக இருந்தும் ஓடவில்லை. இந்தத் தொடர்பைச் சோதிக்கும் டிடிசிபிங் டூலைப் போட்டபோதுதான் இரண்டு மெஷினிலும் சிஐடி (ஒவ்வொரு மெஷினின் டிடிசிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாளம்) ஒன்றே என்று எச்சரிக்கை வந்தது. ஒரே விர்ச்சுவல் மெஷினைக் குளோன் செய்து இரண்டையும் எழுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் எம்எஸ்டிடிசியை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்து, டிக்குகளைத் திரும்பச் சரிபார்த்ததும் ஓடியது.

டாட்நெட்டின் புதிய வடிவமான டாட்நெட் கோரில் இந்த டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்ஷன் வசதி இல்லாமல் இருந்து, 2022-இல் டாட்நெட் 7-இல்தான் திரும்பி வந்தது, விண்டோஸில் மட்டும். தானாக டிஸ்ட்ரிபியூட்டட் ஆக வேண்டுமென்றால் நாமே ஒரு செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது, முதலிலேயே இப்படி வைத்திருக்கலாம். பழைய ஆப் ஓடுகிறதென்றால் எம்எஸ்டிடிசியைப் பிடுங்கிப் போடாதீர்கள். புதிதாக எழுதுகிறீர்கள், அதிலும் லினக்ஸ் கன்டெய்னர் என்றால் இந்தப் பக்கமே வராமல் அவுட்பாக்ஸ் டேபிள் (வெளியே அனுப்ப வேண்டியதை அதே டேட்டாபேஸில் எழுதி வைத்து, பிறகு அனுப்புவது) வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எம்எஸ்டிடிசி வைத்திருப்பவர்கள் உங்கள் டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகியிடம்) ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: எஸ்கியூஎல் சர்வரில் ஏதாவது லாக்கை (பூட்டை)ப் பிடித்திருப்பது செஷன் -2 என்று காட்டினால் அது அனாதையாக நிற்கும் டிடிசி டிரான்சாக்ஷன், வழக்கம்போல் செஷன் நம்பரைக் கொடுத்து கில் அடித்தால் போகாது, அதன் யூஓடபிள்யூ ஐடியை (யூனிட் ஆஃப் வொர்க், அந்த டிரான்சாக்ஷனின் அடையாளம்) தேடி எடுத்துத்தான் அடிக்க வேண்டும்.